மோனிஷா ஆன்லைனில் இருக்கிறாள்

மனிதனை மனிதனோடு சேர்த்துவைப்பதில் இந்த உலகத்தில் இதுவரை இரண்டே அமைப்புகள்தான் ஜெயித்திருக்கின்றன, சாமி. ஒன்று கத்தோலிக்கத் திருச்சபை. இன்னொன்று கமெண்ட் பெட்டி. முதலாவதைப் பேதுரு என்னும் பாறையின் மேல் கட்டினார்கள். இரண்டாவதை நம் பங்குக் கோயிலின் இணையதளத்தில் கட்டியவன் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. இறந்துபோன மோனிஷாவின் பெயருக்கு நேரே நம் தளத்தில் பச்சைப் புள்ளி எரிவது ஏன், செத்தவள் எப்படி ஆன்லைனில் இருக்க முடியும் என்று சனிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். தளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் கேட்டீர்கள். அந்த முறையிலேயே பதில் சொல்கிறேன். புள்ளியில் பழுது எதுவும் இல்லை. நான் செய்கிற எல்லாமே நன்றாக வேலை செய்யும். இந்த விவகாரத்தில் சிக்கலே அதுதான்.

விளக்கம் கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு கொலை வருகிறது.

நீங்கள் மாற்றலாகி வந்தபோது தளம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பூசை நேரம், ஆயர் படம், கோயில் கட்டிய வரலாறு. கல்லறைத் தோட்டத்துக்காவது வருஷத்துக்கு ஒருநாள் கூட்டம் வரும். அங்கே அதுவும் கிடையாது. வந்து போகிறவர்கள் இரண்டு பேர். வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் நான் ஒருவன். பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கும் வினோ இன்னொருவன். வினோவும் பக்தியால் வரவில்லை. அவன் கடை வைஃபை செத்துவிட்டதா என்று பார்க்க எதையாவது திறந்தாக வேண்டும். கனமே இல்லாத பக்கம் நம்முடையதுதான்.

"சனம் வரணும்னா அவங்களுக்கும் அமுக்குறதுக்கு ஏதாவது குடுக்கணும் சாமி" என்றேன். "செய்யி, ஆனா கோயிலுக்கு அடக்கமா செய்யி" என்றீர்கள். அடக்கமாகத்தான் செய்தேன். லைக் பொத்தான் வைக்கவில்லை, ஆமென் பொத்தான் வைத்தேன். புனிதர் படத்துக்கு முன்னால் விரலால் தொட்டு ஏற்றுகிற மெழுகுவர்த்தி வைத்தேன். திருவிழா அன்னதானம் சாம்பார் சாதமா, கப்பைக் கிழங்கு பிரியாணியா என்று வாக்கெடுப்பு வைத்தேன். தளத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பச்சைப் புள்ளி, இருவர் மட்டும் பேசிக்கொள்கிற தனிச்செய்தி, யார் வேண்டுமானாலும் ஜெபம் கேட்கிற விண்ணப்பப் பக்கம், எல்லாம் வைத்தேன்.

சனம் வந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் டீ வேளையில் ஒருவரையொருவர் "உனக்கு எத்தன ஆமென்?" என்று விசாரித்துக்கொண்டார்கள். கீழ் லயத்துத் தொழிலாளர் வீடொன்றில் ஒரு மாமியார், "என் மருமகளுக்கு நல்ல புத்தி வர வேண்டி" என்று விண்ணப்பம் போட்டார். ஆமென் குவிந்தது. மறுநாள் மருமகள், "என் அத்தைக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டி" என்று போட்டாள். நித்திய இளைப்பாற்றி இறந்தவர்களுக்குக் கேட்பது என்று உபதேசியார் ஏசுதாஸ் கீழே திருத்தம் எழுதினார். "தெரியும்" என்று மருமகள் பதில் எழுதினாள். அந்த "தெரியும்" வாங்கிய ஆமென் அதற்கு முந்தைய எந்த ஜெபமும் வாங்காதது. அதில் ஒன்று அவள் மாமனாருடையது. ஒரே கூரைக்குக் கீழே பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த குடும்பம். இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். உறவைக் கட்டி எழுப்புவது என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்வது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் ஓலை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடிவில் உபதேசியார் ஓலை வாசிக்கிறார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். யோசித்துப் பாருங்கள். "உங்கள் கருத்து என்ன" என்று ஊரைப் பார்த்துக் கேட்கிற வழக்கத்தை எத்தனையோ நூறு வருஷமாகத் திருச்சபை வைத்திருக்கிறது. ஒருத்தரும் கருத்துச் சொன்னதில்லை. ஏனென்றால் சொல்வதற்குப் பங்கு வீட்டுப் படியேறி வர வேண்டும், படியில் உங்கள் நாய் படுத்திருக்கும். வழக்கத்தில் குற்றமில்லை. வடிவமைப்பில்தான் குற்றம். ஓலையைத் தளத்தில் ஏற்றி, கீழே இரண்டு பொத்தான் வைத்தேன். 'தடை இல்லை', 'தடை உண்டு'. இரண்டாவதை அமுக்கினால் காரணம் எழுதப் பெட்டி திறக்கும்.

முதல் ஓலை ஜீப் டிரைவர் சகாயத்துக்கு வந்தது. ஏறிய வேகத்தில் ஒரு தடை விழுந்தது: "மாப்பிள்ளை எங்கள் ஏணியை வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை." சாயங்காலமே ஏணி வீடு போய்ச் சேர்ந்தது. தடை நீங்கியது. அடுத்த ஓலையில் பெண் வீட்டார் மேல் ஒரு இட்லிக் கொப்பரை. அதற்கடுத்து ஒரு தூண்டில், ஒரு குடை, பாதி கேசட் பாடல் தெரிந்த ஒரு மைனா. இரவல் போன பொருளெல்லாம் ஓலை வாசிக்கிற வாரம் தானே நடந்து திரும்பி வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், அந்த மைனாவை நீங்களே மந்திரித்தீர்கள்.

ஓலை போன மாப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும். ஞாயிறு முழுக்கக் கிணற்றில் நீர் இறைப்பதுபோல் விரலால் பக்கத்தை இழுத்து இழுத்து, புதிதாக என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்படியில்லை. சாராயம் காய்ச்சுகிறவன் குடிக்கக் கூடாது. எந்தத் தளத்திலும் நான் ஒரு கமெண்ட் போட்டவனில்லை. அதிலும் தன்னைப் பற்றித் தானே நல்லதாக எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டும். குமுளி போகிற வழியில் நம் பங்குப் பெண் பெர்சி வேலை பார்க்கிற மசாலாத் தோட்டத்தின் முதலாளி ஒருவர். ஜெர்மனியிலிருந்து வந்த ஹான்ஸ் என்ற பெயரில் தன் தோட்டத்துக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டு, "ஏலக்காய் ஒரு குறையும் சொல்ல முடியாது, பார்க்கிங் வசதியும் உண்டு" என்று எழுதுவார். சுற்றுலாக்காரர்களின் விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதுதான் பெர்சியின் வேலை என்பதால், ஹான்ஸுக்கும் அவளே நன்றி எழுத வேண்டும். இப்படிப் பிழைப்பதற்கு அந்த மனிதர் ஏலச்செடிக்கு உரமாகியிருக்கலாம் என்று நான் சொன்னேன். பெர்சி சிரித்தாள்.

அந்தப் பெர்சிக்கும் எனக்கும்தான் ஓலை.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். தளத்திலும் ஏறியது. 'தடை இல்லை' என்று சனம் வரிசையாக அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி காலி. மத்தியானமும் காலி. சர்வரில் கோளாறு என்று நினைத்து அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. வினோ எனக்கு ஒரு பஃப்ஸ் கொண்டுவந்து வைத்தான்.

"நல்லதுதானே மச்சான். ஒருத்தனுக்கும் உன்மேல ஒரு குத்தம் இல்ல."

"குத்தம் வேண்டாம்டா. ஒரு ஏணியாவது இருக்கலாம்ல."

"நீ யாருகிட்ட ஏணி கேட்ட? யாருகிட்ட நீ என்னத்தப் பேசியிருக்க, ஏணி கேக்குறதுக்கு?"

அவன் தப்பாகச் சொல்லவில்லை. பஃப்ஸ் ஆறிப்போயிருந்தது.

பெட்டி வேலை செய்கிறதா என்று சோதிப்பது பராமரிப்பவனின் கடமை. சோதனைக்கு ஒரு கணக்குத் திறந்தேன். மலைக்காற்று என்று பெயர். "மாப்பிள்ளைக்குக் கம்பத்தில் ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்ததாகக் கேள்வி" என்று எழுதினேன். பெட்டி வேலை செய்தது. கீழே உடனே பதில்கள் வந்தன. "எந்த ரிஜோ? ஃப்ளெக்ஸ் கடையா? ஏலே, சும்மா கெடங்க." "அவனுக்குக் கம்பம் பஸ் எங்க நிக்கும்னே தெரியாது." சிரிக்கிற பொம்மைகள். கடைசியில் உபதேசியார்: "ஆதாரமில்லாமல் யார்மேலும் அவதூறு கூடாது. அதுவும் ரிஜோமேல்."

"அதுவும் ரிஜோமேல்" என்பதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதாரம்தானே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஆதாரத்துக்கு மோனிஷா என்று பெயர் வைத்தேன்.

கம்பத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். முகத்துக்குப் பதில் ஒரு திராட்சைக் கொத்துப் படம். அவள் எழுதினாள்: "அவரை யாரும் தப்பாகப் பேச வேண்டாம். நான் எளிய பெண். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. பெர்சி அக்கா பாடகர் குழுவில் பாடுவாராமே, ஒருநாள் வந்து கேட்க ஆசை. இருவரும் நன்றாக இருக்கட்டும்." அவ்வளவுதான். ஆச்சரியக்குறி கிடையாது. நல்ல எழுத்துக்கு அது தேவைப்படாது.

தளம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. அத்தனை ஆமென். தேயிலைக் காட்டில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காத ஒருவர் தோளில் தட்டி, "ஆளு நீ இருக்கியே" என்றார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்தார். உங்களிடம் மறைப்பதற்கு என்ன, சாமி. நன்றாகத்தான் இருந்தது.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெர்சியின் அம்மா கத்தரீனாள் கடையில் வந்து நின்றார். அவர் இந்த மலையில் கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஏய்யா ரிஜோ, ஒரு பொம்பளப்புள்ளய அழ வச்சிட்டு எம்மவ கழுத்துல தாலி கட்டப் பாக்கியோ?"

"அத்தை, அதெல்லாம் யாரோ வேண்டாதவங்க கிளப்புறது."

"வேண்டாதவளா அவ? அவ எழுதுனத நீ படிச்சியா? தங்கம்யா அது. அவளுக்கு நீ லாயக்கில்ல. எம்மவளுக்கும் லாயக்கில்ல. பின்ன எவளக் கட்டுவன்னு உங்க அப்பன்கிட்டக் கேட்டுச் சொல்லு."

சாயங்காலம் வேலை முடிந்து பெர்சி வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமல் கவுண்டருக்கு வெளியே நின்றாள்.

"மோனிஷாகிட்ட நான் பேசப் போறேன்."

"யாருன்னே தெரியாத ஆளுகிட்டயா?"

"பொய் ரிவியூ நான் தெனம் பாக்கேன், ரிஜோ. பொய்யா எழுதுறவங்க அவங்களப் பத்தி மட்டுந்தான் எழுதுவாங்க. நான் பாடுறது இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க கூட இதுவரைக்கும் அதப்பத்தி எங்கிட்டப் பேசுனதில்ல."

தனிச்செய்தி வசதி எப்படி என்று கேட்டாள். நானே காட்டிக்கொடுத்தேன். வாடிக்கையாளருக்கு உதவுவது கடையின் வழக்கம்.

அன்றிலிருந்து நாலு நாள் பெர்சி மோனிஷாவோடு பேசினாள். மோனிஷா என்றால் நான்; இதற்குள் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வேலைக்கு நடுவே, பேருந்துக்கு நிற்கும்போது, மதியச் சாப்பாட்டில். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க வீட்டுல எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல" என்று எழுதினாள். உண்மை. டவர் இரண்டு கோடுதான் இருந்தது. "நான் என்ன சொன்னாலும் கட்டைவிரல் பொம்மை அனுப்புறாரு. எங்க ஆட்டுக்குட்டி செத்துருச்சுன்னு சொன்னதுக்கும் அதுதான்." அதுவும் உண்மை. "எனக்குச் சிரிப்பு முத்துனா மூக்குல ஒரு சத்தம் வரும். கல்யாணத்துக்கு அப்புறம் அவரு முன்னாடி அடக்கிக்கணுமோன்னு பயமா இருக்கு."

மோனிஷா கேட்டுக்கொண்டாள். நிறையக் கேள்வி கேட்டாள். ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர், என்ன நிறம், எங்கே புதைத்தீர்கள் என்று விசாரித்தாள். பெர்சி கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், இரண்டாம் குரல் பாடுவதுதான் அவளுக்குப் பிடிக்கும், முதல் குரல் கொடுத்தால் வேண்டாம் என்பாள், அட்டைப்பூச்சிக்குப் பயமில்லை ஆனால் உப்புப் போட்டு அதைக் கொல்ல மனம் வராது என்பதெல்லாம் மோனிஷாவுக்குத் தெரிய வந்தது. ரிஜோவுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அதே நேரத்தில் தன் கணக்கிலிருந்து கட்டைவிரல் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன். ரிஜோவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை மோனிஷா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பெர்சி இரண்டு முறை கேட்டாள். என் கொள்கை இடம் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் வினோ ஓடிவந்தான்.

"மச்சான், கத்தரீனாக்கா சகாயம் ஜீப்பப் பேசிட்டாங்க. ஞாயித்துக்கெழமை பூச முடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாம் கம்பம் போறாங்க. இருக்குற ஜவுளிக்கடை பூராம் ஏறி இறங்கி மோனிஷாவக் கூட்டிட்டு வந்து, கோயில் முற்றத்துல வச்சு உங்கிட்ட நேருக்கு நேரா பேசப் போறாங்களாம்."

"வரமாட்டேன்னா?"

"தூக்கிட்டு வருவாங்களாம்."

ஜவுளிக்கடைகளில் பில் போடுகிற மோனிஷாக்கள் நிஜமாகவே இருக்கக்கூடும். ஏதோ ஒரு வீட்டுப் பெண்ணை இவர்கள் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தால் அது பெரிய வம்பு. யாருக்கும் கஷ்டம் வராத வழி ஒன்றுதான் இருந்தது. அன்று மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, மோனிஷாவைக் கொன்றேன்.

எப்படிச் செய்வது என்று யோசித்துத்தான் செய்தேன். பஸ் விபத்து என்றால் செய்தியில் தேடுவார்கள். மாரடைப்புக்கு வயசு போதாது. தற்கொலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. மஞ்சள் காமாலைதான் பொருத்தமாகத் தோன்றியது. யாருக்கும் வரும், வேகமாக முடியும், ஒருவர்மேலும் பழி விழாது. சந்துரு என்று அவளுக்கு ஒரு தம்பியை உண்டாக்கி, அவன் கணக்கிலிருந்து, "என் அக்கா மோனிஷா இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று எழுதவைத்தேன். முதல் பதில், "கீழாநெல்லி கொடுத்தீங்களா?"

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். நம் சனத்தின் குணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குக்கூட வராமல் இருந்துவிடுவார்கள், அடக்கத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள். ஜீப் இரண்டானது. அடக்கம் திருப்பூரில் முடிந்துவிட்டது என்று சந்துரு அவசரமாக எழுதினான். அப்படியானால் நம் கோயிலில் பூசை வைக்க வேண்டும் என்றார்கள். மோனிஷா வேதக்காரப் பெண்தானா என்று உபதேசியார் சந்தேகப்பட்டார்.

"மோனிஷான்னு வீட்டுல கூப்புடுவாங்க உபதேசியாரே" என்றார் கத்தரீனாள். "ஞானஸ்நானப் பேரு புனித மோனிக்காள் பேராத்தான் இருக்கும். அந்தப் பொறுமை வேற யாருக்கு வரும்?"

வெள்ளிக்கிழமை நீங்கள் மோனிக்காளின் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தீர்கள். "தன்னை எளிய பெண் என்று அவள் சொன்னாள்" என்று பிரசங்கத்தில் சொன்னீர்கள். என் வரியைப் பீடத்திலிருந்து யாரும் அதற்குமுன் எடுத்துச் சொன்னதில்லை. பாடகர் குழுவில் பெர்சி இரண்டாம் குரல் பாடினாள். பாதியில் நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நான் முன்வரிசையில் இருந்தேன். என்னையும் எல்லாரும் பார்த்தார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தாமல் இருந்தது கடவுள் செயல்.

இனி பச்சைப் புள்ளி.

கொன்ற அன்றே மோனிஷாவின் கணக்கை அழித்திருக்க வேண்டும். அழிக்கப் போனேன். அப்போது பெர்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. செத்தவளுக்குத்தான். "இன்னைக்கு மழை. பஸ்ஸு வரல. உங்கிட்டச் சொல்லணும்போல இருந்துச்சு." நான் பதில் போடவில்லை. இறந்தவர்கள் பதில் போட மாட்டார்கள் என்கிற மரியாதை எனக்கு இருந்தது. ஆனால் மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும். கல்லறைக்குப் போய்ப் பேசுகிறவர்களைப் போல அவள் தினமும் வந்து பேசிவிட்டுப் போனாள். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு நாலு முறை வந்தாள். கடை திறந்ததும் மோனிஷாவாக உள்ளே போய் உட்கார்ந்து அதை வாசிப்பேன். அது தவறு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவள் எழுதுவதை யாராவது வாசித்தாக வேண்டும் அல்லவா.

நான் உள்ளே இருந்தால் மோனிஷாவின் பெயருக்கு நேரே பச்சை எரியும். இதுதான் நீங்கள் கேட்ட தொழில்நுட்ப விளக்கம்.

முதலில் பார்த்தவர் கத்தரீனாள். அவர் போட்ட சத்தத்தில் கொழுந்து எடை போடுகிற இடமே கலைந்துவிட்டது. உபதேசியார் ஆராய்ந்து, ஆன்மா மோட்சத்துக்கு முந்தைய உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறது, விடுதலைக்கு ஜெபம் கேட்டு வந்து நிற்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். மத்தியானம் புள்ளி அணைந்து, சாப்பாட்டு நேரம் கழிந்து மறுபடி எரிவதையும் கவனித்தார்கள். அங்கேயும் சோற்றுக்கு விடுகிறார்கள் என்று தெரிந்ததில் முதியவர்களுக்கு ஒரு நிம்மதி. தளத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லை. மேல் லயத்து விதவை ஒருவர் மோனிஷாவுக்கே எழுதினார்: "அங்கே என் வீட்டுக்காரர் அந்தோணியைக் கண்டால் ஆதார் கார்டை எங்கே வைத்தார் என்று கேட்டுச் சொல்லவும்."

அவளுக்காகப் பூசை வைக்கச் சொல்லி உங்களுக்குப் பூசைக் கருத்துகள் குவிந்தது அதனால்தான். அதுவரை உங்களுக்குச் சங்கடமே தவிர நஷ்டமில்லை. நஷ்டம் எனக்கு வந்தது. ஆன்மா அலைகிற வரைக்கும் கல்யாணம் கிடையாது என்று கத்தரீனாள் சொல்லிவிட்டார். கடைசி முடிவை மட்டும் பெர்சியிடம் விட்டார். மூன்றாம் ஓலைக்கு முன்னால் பெர்சி 'தடை உண்டு' பொத்தானை அமுக்கினால் அமுக்கியதுதான், நீங்களும் அதை மதித்து நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பொத்தானை வைத்தவன் நான். பெண்ணே அமுக்குவாள் என்று யோசித்து வைக்கவில்லை.

ஆக, வாக்குமூலம் இது. மலைக்காற்று நான். மோனிஷா நான். சந்துரு நான். நீங்கள் பூசை வைத்தது என் கற்பனைக்கு. ஒரு பெண்ணை உண்டாக்கி, ஊரை அவளுக்காக அழவைத்து, எனக்கு வசதிப்படாதபோது மஞ்சள் காமாலையில் கொன்றேன். கொன்ற பிறகு அவளை இழந்து நிற்கிறவளின் கண்ணீரைக் கடையில் உட்கார்ந்து, வினோவின் பன்னைத் தொட்டுக்கொண்டு தினமும் வாசித்தேன். எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் மோசமாகத்தான் தெரிகிறது. ஆனால் தளத்தில் இப்போது வராத வீடு இல்லை என்பதையும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைச் சனிக்கிழமைக்குள் கேட்டீர்கள். இன்று சனிக்கிழமைதான். நாளை மூன்றாம் ஓலை, திங்கட்கிழமை கல்யாணப் பூசை. பூசை வைக்கிறவரின் மனத்தை அதற்குமுன் கலைப்பது சரியாகாது. ஆகையால் திங்கட்கிழமை, மோதிரம் மாற்றி, கையெழுத்துப் போட்ட பிறகு இதை உங்களிடம் நேரில் கொடுக்கிறேன். உண்மையைச் சொல்வதுதான் முக்கியம். கிழமை முக்கியமில்லை.

கணக்கையும் இன்று அழித்துவிடுகிறேன் என்று தீர்மானித்து உள்ளே போனேன். பெர்சி பச்சையில் இருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள். நின்றாள். மறுபடி எழுதினாள். பிறகு வந்தது.

"மோனிஷா, நாளைக்குக் கடைசி ஓலை. எங்க அம்மா, உபதேசியார், ஊரு எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீ ஒருத்திதான் எங்கிட்ட என்னன்னு கேட்டவ. நீ சொல்லு. அமுக்கவா, வேண்டாமா?"

இறந்தவர்கள் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண் இப்படிக் கேட்டுவிட்டு நிற்கும்போது சும்மா இருப்பது மனிதத்தன்மை இல்லை. சுருக்கமாகத்தான் எழுதினேன்.

"வேண்டாம் அக்கா. அவர் நல்லவர். பேசத் தெரியாதே தவிர, ஆட்டுக்குட்டி பேரு ரோசின்னு அவருக்கு நினைவிருக்கும். உங்க மூக்குச் சத்தம் கேக்க ஆசைப்படுறவர் அவர் ஒருத்தர்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது."

மோனிஷா இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதைத்தான் எழுதினேன். என் சார்பில் ஒன்றும் சேர்க்கவில்லை.

பதில் உடனே வந்தது.

"சரி. அமுக்கல. நாளைக்குப் பூசைக்கு வெள்ளச் சட்ட போட்டுட்டு வாங்க ரிஜோ, அந்தக் கட்டம் போட்டது வேண்டாம்."

மோனிஷாவுக்கு எழுதும்போது என் பெயரைப் போட்டிருக்கிறாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் பெயரை மாற்றிச் சொல்வது சகஜம். பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டில் தினமும் நடக்கிறது. இத்தனை நாள் 'நீ' என்றவள் இப்போது 'வாங்க' என்றதும் இறந்தவர்மேல் வருகிற மரியாதைதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சாமி. தொழில்நுட்பம் தெரிந்தவன் சொல்கிறேன்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.